மலைப் பேச்சில் ஐம்பது மதிப்பெண்

எண்பத்தெட்டாம் வருடத்து நாட்குறிப்பில் நான் இரண்டு மை உபயோகித்திருக்கிறேன். வீடு, அலுவலகம், மழை, தலைவலி எல்லாம் நீலத்தில். மலைப் பேச்சு சம்பந்தப்பட்டவை மட்டும் பச்சையில். ஜூன் மாதத்திலிருந்து பச்சை வரிகள் நீண்டுகொண்டே போகின்றன. எழுத்தும் அழுத்தமாகிறது. இரண்டு இடங்களில் நிப் தாளையே கிழித்திருக்கிறது. அந்த மாதம்தான் மூன்றாமவள் வந்தாள்.

அதற்கு முன் நாங்கள் இருவர். நான் மேற்குத் தாம்பரம். பாரிமுனைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். என் சிநேகிதி சேலையூர். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். இருவருக்கும் இருபத்தாறு வயது, இருவர் வீட்டிலும் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம்பரத்தில் எட்டு பத்துக்குப் புறப்படும் எலெக்ட்ரிக் டிரெயினில், பெண்கள் பெட்டியில், ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். யார் முதலில் வந்தாலும் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு மற்றவளுக்கு இடம் பிடிக்க வேண்டும். நான்கு வருடம் அப்படித்தான் போனோம். அந்த ஐம்பது நிமிஷத்தைத் தவிர எனக்கென்று அப்போது ஒரு நாளில் வேறு எதுவும் இல்லை. இதை மிகைப்படுத்தாமல் எழுதுகிறேன். அந்த வருடத்து நீல வரிகளைப் படித்தால் தெரியும்.

மொழி ஆரம்பித்ததற்குக் காரணம் எங்கள் காலனி அம்மாள் ஒருவர். அவரும் அதே பெட்டியில் வருவார். காலையில் நான் வண்டியில் பேசியது மாலைக்குள் என் அம்மாவின் காதுக்குப் போய்விடும். முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்துப் பேசிப் பார்த்தோம். மூன்றாம் நாள் அந்த அம்மாள் எதிர் சீட்டிலிருந்து குனிந்து, "கநா கனும் கவ கர கட்டுமா?" என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. என் சிநேகிதி காது சிவந்துபோய், "புதுசா ஏதாவது பண்ணணும்டி. இவங்க பொறந்த ஊர்லயே இல்லாத மாதிரி" என்றாள்.

அன்று வண்டி பல்லாவரம் தாண்டிச் சிக்னலுக்காக நின்றது. திரிசூலம் பக்கத்து மலையில் வெடி வைத்துக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வாயில் துணி கட்டிய ஆட்கள் மலைச்சரிவில் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். "உள்ள ஜனங்க இருந்தா இந்நேரம் காதே போயிருக்கும்" என்றாள் அவள். வண்டி கிண்டிக்கு வருவதற்குள் மலைக்குள் ஜனங்கள் வந்துவிட்டார்கள். இருட்டில் வாழ்பவர்கள். கல் தூசிக்காகப் பிறந்தது முதல் வாயில் துணி கட்டியிருப்பவர்கள்.

வாயில் துணி இருந்தால் உதடு சேராது. அதனால் மலைப் பேச்சில் ப கிடையாது, ம கிடையாது, வ கிடையாது. உதட்டைக் குவிக்க வேண்டிய உ, ஊ, ஒ, ஓ, ஔ கூடக் கிடையாது என்று நான்தான் சொன்னேன். அவள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. எஞ்சிய உயிர் ஏழு. மெய்யில் ங-வுக்குச் சொல்லின் முதலிடம் கொடுத்தோம். தமிழில் அந்த எழுத்து அரிச்சுவடியில் வந்து நின்றுவிட்டுப் போய்விடுகிறது, பாவம், இங்கேயாவது உழைக்கட்டும் என்றாள். ஙை என்றால் நான். ஙா என்றால் நாம் இருவர். ஙெர் என்றால் வா. கிரா கல், நெதி தண்ணீர். அம்மாவுக்கு உதடு இல்லாமல் ஒரு சொல் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் 'ஞாளி' என்று முடிவு செய்தோம். அன்று மாலை வீட்டுக்குப் போய் என் அம்மாவைப் பார்த்தபோது கொஞ்சம் குற்ற உணர்வாக இருந்தது.

இருட்டில் பகலும் இரவும் இல்லை என்பதால் வினைச்சொல்லுக்குக் காலம் வைக்கவில்லை. அதற்குப் பதில், ஒன்று உனக்கு எப்படித் தெரியும் என்பதை வினையின் கடைசியில் சொல்லியாக வேண்டும். கையால் தொட்டுத் தெரிந்தால் ஒரு விகுதி, காதால் கேட்டுத் தெரிந்தால் ஒன்று, அடுத்தவர் சொல்லித் தெரிந்தால் ஒன்று. ஙெர்த்தி, ஙெர்ச்சி, ஙெர்னி. மூன்றுக்கும் 'வந்தது' என்றுதான் பொருள். வந்ததைத் தொட்டேன், வந்த சத்தம் கேட்டேன், வந்ததாகச் சொன்னார்கள். இந்த மூன்று விகுதியும் என் யோசனை. நான் என் வாழ்நாளில் செய்த உருப்படியான ஒரே கண்டுபிடிப்பு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கட்டம் போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அதற்கு ஒரு நடைமுறை ஏற்படுத்தினேன். ஒரு சொல்லை யார் சொன்னாலும் உடனே ஏற்றுவதில்லை. மூன்று நாள் இருவரும் அதை உபயோகிக்க வேண்டும். நான்காம் நாள் வரிசை எண் போட்டு எழுதி, ஓரத்தில் இருவரும் சுருக்கக் கையெழுத்து இட வேண்டும். என் சிநேகிதி ஒவ்வொரு தடவையும் அலுத்துக்கொள்வாள். "உங்க ஆபீஸ் ஃபைலா இது? சரி, எங்க போடணும், காட்டு" என்று வண்டி ஆட்டத்தில் கோணலாகக் கையெழுத்துப் போடுவாள். மூன்றாம் வருடக் கடைசியில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. சொற்களில் முக்கால் பங்கு அவளுடையது. வரிசை என்னுடையது.

பேசுவதில் நாங்கள் இருவருமே சுமார்தான். நான் வாக்கியத்தை மனதில் கட்டி, சரிபார்த்து, பிறகு சொல்வேன். அதற்குள் ஒரு ஸ்டேஷன் போய்விடும். அவள் பாதி மலைப் பேச்சு, பாதி கை ஜாடை. விகுதியைக் கண்டபடி மாற்றுவாள். நான் திருத்துவேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள். அது அவள் வழக்கம், சிரித்தால் பக்கத்தில் இருப்பவர் முழங்காலில் கை போய்விடும்.

ஜூன் மாதம் எதிர் சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார ஆரம்பித்தாள். எங்களைவிட மூன்று நான்கு வயது சிறியவள். படப்பையிலிருந்து பஸ்ஸில் தாம்பரம் வந்து வண்டி ஏறுவாள். எழும்பூரில் இறங்கி ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போவாள். கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் டிபன் டப்பா. இரண்டு வாரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, அடுத்த பெட்டியில் சண்டை நடந்ததாக வண்டியில் பூ விற்கும் பூக்காரம்மா எனக்குச் சொன்னதை நான் மலைப் பேச்சில் என் சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அது 'னி'தானே வரணும்? நீங்க 'ச்சி'ன்னுட்டீங்க. உங்களுக்கு அந்தம்மா சொல்லித்தானே தெரியும்?"

அவள் சொன்னது சரி.

என் சிநேகிதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அப்படியொரு சிரிப்பு. "ஏய், உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லக்கா. தினம் கேட்டுகினே இருக்கறேன் இல்ல. சர்ச்சுல பாட்டு பாடறவளுக்குக் காதுதானே எல்லாம்."

நான் நோட்டை மூடிப் பையில் வைத்தேன். நாட்குறிப்பில் அன்றைக்கு ஒரே வரி. "எதிர் சீட்டுப் பெண் ஒட்டுக்கேட்கிறாள்."

அவள் நோட்டைப் பார்த்ததே இல்லை, பார்க்கக் கேட்டதும் இல்லை. ஒரு மாதத்தில் எங்கள் இருவரைவிட நன்றாகப் பேசினாள். நான் கட்டிக் கட்டிச் சொல்லும் வாக்கியத்தை அவள் கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையை முடிந்தபடி சொல்வாள். ங-வில் ஆரம்பிக்கும் சொற்களை நாங்கள் தயங்கித் தயங்கித்தான் சொல்வோம். அவள் வாயில் அது தானாக வந்தது. மலை ஜனங்களுக்குத் தாலாட்டுக் கட்டினாள். வெடிச் சத்தத்துக்கு முன் பாட வேண்டிய பாட்டு ஒன்று கட்டினாள். வசவுகள் கட்டினாள். மூன்று வருடத்தில் எங்களுக்கு ஒரு வசவுகூடத் தோன்றியதில்லை. 'உன் விளக்கில் தண்ணீர் ஊற்ற' என்று பொருள்படும் ஒன்றை மாம்பலத்தில் இடித்துத் தள்ளி ஏறிய ஓர் அம்மாளைப் பார்த்துச் சாந்தமாகச் சொன்னாள். அந்த அம்மாள் "தேங்க்ஸ்மா" என்று சொல்லி உட்கார்ந்தார். என் சிநேகிதிக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கை மூன்றாமவள் முழங்காலில் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் எண்ண ஆரம்பித்தேன். பச்சை மையில் இருக்கிறது. திங்கள், அவள் முழங்கால் நான்கு, என் முழங்கால் ஒன்று. செவ்வாய், அவள் ஆறு, நான் இல்லை. வியாழன், அவள் லீவு, என்னுடையது இரண்டு. படிக்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் கணக்கு சரியாக இருக்கும்.

ஙா என்ற சொல் இருவருக்கு மட்டும். மூவருக்குச் சொல் இல்லை, தேவைப்பட்டதில்லை. ஒரு நாள் அவள் 'ஙாஙா' என்று சொன்னாள், ஏதோ நெடுங்காலமாக இருக்கும் சொல் மாதிரி. என் சிநேகிதி மூன்று நாளும் உபயோகித்தாள். நான்காம் நாள், "எழுதலையா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் உபயோகிச்சாதான் ஏத்தறது. நான் உபயோகிக்கல."

"ஏண்டி?"

"சத்தம் நல்லா இல்ல. கொழந்தை பேசற மாதிரி இருக்கு."

மூன்றாமவள் சிரித்தாள். "பரவால்லக்கா, எழுதாட்டி போவுது. வாயில கீது இல்ல, அது போதும்."

எனக்கு அவளிடம் கோபம் வரும்படி அவள் எதுவும் செய்ததில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தினம் எனக்கும் சேர்த்து ஒரு கொய்யாப்பழம் கொண்டுவருவாள். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் நான் ஏறும்போது என் சிநேகிதி பக்கத்தில் கைக்குட்டை இருந்தது. நான் அதை எடுத்து உட்காரப் போனேன். "இரு இரு, அது அவளுக்கு. படப்பை பஸ்ஸு லேட்டாம், ஓடி வர்றா பாரு" என்றாள். நடைமேடையில் டிபன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடிவந்துகொண்டிருந்தாள். "நீதான் எப்பவும் சீக்கிரம் வந்துடறியே, எதிர்ல உக்காந்துக்கோ." நான் எதிரில் உட்கார்ந்தேன். அங்கிருந்து மலை தெரியாது, முதுகுப் பக்கம் போய்விடும்.

அந்த வாரம்தான் எனக்குத் தேர்வு யோசனை வந்தது.

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படாது. எங்களுக்கு எதற்கும் துறைத் தேர்வு உண்டு. பாஸ் செய்தால்தான் அடுத்த படி. பெயில் ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதலாம். நான் மூன்று தேர்வு எழுதித் தேறியிருந்தேன். ஒருவரை உள்ளே விடுவதற்கும் வெளியே வைப்பதற்கும் அதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"மொழி கெட்டுக்கிட்டு வருது" என்று இருவரிடமும் சொன்னேன். "ஆளாளுக்கு ஒரு மாதிரி பேசறோம். ஒரு எக்ஸாம் வெச்சுக்கலாம். அம்பது மார்க். இருபது எடுத்தா பாஸ். பாஸ் பண்ணாதவங்க ஆறு மாசம் மலைப் பேச்சு பேசக் கூடாது."

"டிப்பார்ட்மெண்டல் டெஸ்ட்டா?" என் சிநேகிதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ, இவ நிஜமாத்தான் சொல்றா. சரிடி, வெச்சுக்கோ. கொஸ்டின் பேப்பர் யாரு?"

"நான்."

"திருத்தறது?"

"நான்தான்."

"அப்ப உனக்கு எக்ஸாம் இல்லையா?" என்று கேட்டாள் மூன்றாமவள், கிண்டலாக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. நான் நோட்டில் தேர்வுத் தேதியை எழுதினேன்.

வினாத்தாளைக் கார்பன் வைத்து இரண்டு படி எழுதினேன். பகுதி அ, ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபது. பகுதி ஆ, விகுதி வேறுபாடு விளக்குக, பத்து மதிப்பெண். பகுதி இ, மொழிபெயர்ப்பு, பத்து. பகுதி ஈ, 'மலைக்குள் ஒருத்தி' என்ற தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை, பத்து. மூன்றாமவள் காதால் கற்றவள், விதியை விளக்கி எழுதத் தெரியாது, பகுதி ஆ-விலேயே விழுந்துவிடுவாள் என்பது என் கணிப்பு.

சனிக்கிழமை அரை நாள். மூன்று பேரும் சொல்லிவைத்துப் பிற்பகல் வண்டியில் ஏறினோம். கூட்டமில்லை. எதிரெதிர் ஜன்னலில் அவர்கள், நடுவில் நான், கையில் கடிகாரம். வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டிய பெண்கள் இரண்டு மூன்று பேர் வழக்கம்போல முறத்தை மடியில் வைத்துப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பூக்காரம்மா கூடையை இறக்கிவிட்டு வந்து நின்றார்.

"இன்னாமா, பரிட்சையா? வண்டிலயா?"

"ஆமாம்மா. பேசாதீங்க, எழுதறாங்க."

"எதுக்குப் பரிட்சை? ரயில்வேல வேலை போட்டுத் தர்றாங்களா?"

"இது வேற."

"ஒரு வார்த்தையும் புரியலியே. இன்னா பாஷை இது, மலையாளமா?" என்று என் சிநேகிதியின் தாளை எட்டிப் பார்த்தார். என் சிநேகிதி தலையைத் தூக்காமல் மலைப் பேச்சில் ஏதோ சொன்னாள். மூன்றாமவள் குனிந்தபடியே குலுங்கினாள். "காப்பி அடிக்கக் கூடாது" என்று நான் சொன்னேன். "ஐய, டீச்சரம்மா பேஜார் புடிச்சவங்க" என்று பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சானடோரியத்தில் தாளை வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் திருத்தினேன். மூன்றாமவளுடையதை முதலில் எடுத்தேன். அவள் எழுத்து லேப் பெண்களின் எழுத்து, சின்னதாக, நேராக. பகுதி அ-வில் பதினெட்டு. பகுதி ஆ-வில் நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது. கட்டுரையில் மலைக்குள் இருக்கும் ஒருத்தி வெளியே இருக்கும் நாய்களின் குரலைக் கேட்டு அவற்றுக்குப் பெயர் வைக்கிறாள். ஒரு பிழை இல்லை. இரண்டாம் முறை திருத்தினேன். மூன்றாம் முறை, குறைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தே திருத்தினேன். கிடைத்ததையெல்லாம் கழித்தும் நாற்பத்தொன்று.

அந்தக் கோபத்தோடு என் சிநேகிதியின் தாளை எடுத்தேன். பகுதி அ-வில் எட்டு. நான்கு கேள்விக்குப் பதிலுக்குப் பதில் பூ படம் போட்டிருந்தாள். பகுதி ஆ-வில் இரண்டு. மொழிபெயர்ப்பில் ஐந்து. கட்டுரை மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் போய், பின்பக்கமும் எழுதியிருந்தாள். அதுவரை அவள் அவ்வளவு நீளமாக மலைப் பேச்சில் எதுவும் எழுதியதில்லை. வரிக்கு வரி விகுதி தப்பு. நான் சிவப்பு மையை எடுத்து ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, மேலே சரியான சொல்லை எழுதி, ஓரத்தில் எண் போட்டேன். பதினொன்று. பதினொன்றையும் நாட்குறிப்பில் தனியாக எடுத்து எழுதிக்கொண்டேன், திருத்தும் தாளில் அப்படிச் செய்வது என் வழக்கம். தப்புக்கு அரை மதிப்பெண் என்று கழித்தால் நான்கரை. பேச்சு வழக்குச் சொல் ஒன்றுக்கு இன்னும் அரை கழித்து நான்கு.

கூட்டினால் பத்தொன்பது.

அந்த அரை மதிப்பெண்ணைக் கழிக்காமல் விட்டிருந்தால், அரையை முழுதாக்கி இருபது போட்டிருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்வார்கள். எனக்கும் அது தோன்றியது. பாரபட்சம் என்று அந்தப் பெண் நினைப்பாளே என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையான காரணம் இல்லை. ஆறு மாதம் அவள் மலைப் பேச்சு பேசக் கூடாது. அதாவது அந்தப் பெண்ணோடு பேச முடியாது. அதாவது என்னிடம்தான் கற்றுக்கொள்ள வர வேண்டும். நோட்டை மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து. இந்த மூன்று 'அதாவது'வும் நாட்குறிப்பில் வரிசையாக இருக்கின்றன. 19 என்று எழுதி, கீழே கோடு போட்டு, சுருக்கக் கையெழுத்து இட்டேன்.

திங்கட்கிழமை தாள்களைக் கொடுத்தேன். மூன்றாமவள் தன்னுடையதைப் பார்த்து, "ஐ, பாஸா?" என்று கேட்டுவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். என் சிநேகிதி மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டுரைக்குப் போனாள். ஒரு பக்கம் சிவப்பைப் பார்த்தாள். திருப்பி, பின்பக்கம் சிவப்பைப் பார்த்தாள். அவள் எதையோ தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. குரோம்பேட்டையில் ஏறிய கூட்டம் எங்கள் மேல் சாய்ந்து நின்றது.

"படிச்சியா?" என்று கேட்டாள்.

"படிக்காமயா திருத்துவேன்? பதினோரு தப்பு. முக்காவாசி விகுதி. நான் சொல்லித் தர்றேன், ஒரு மாசத்துல சரியாயிடும். நாளைலேர்ந்து—"

"ஆறு மாசம்னு சொன்னியே."

"கத்துக்கலாம். பேசத்தான் கூடாது."

"ரூல்னா ரூல்தானே" என்றாள். குரலில் கோபம் இல்லை. தாளை நான்காக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தாள். "ஃபெயில்னா ஃபெயில். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

அவள் நிஜமாகவே பேசவில்லை. தமிழில் பேசினாள். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்ததா, என் அக்காவுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்டாள். நான் மலைப் பேச்சில் சொன்னால் புரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் பார்ப்பாள். மூன்றாமவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். "நீதான் பாஸாச்சே, என்கிட்ட பேசேன்" என்று நானே ஒரு நாள் கேட்டேன். "பெரியக்கா பேசாதப்போ எனக்கு வரமாட்டேங்குதுக்கா" என்றாள். என் சிநேகிதியை அவள் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவாள். கொய்யாப்பழம் மட்டும் வழக்கம்போல வந்தது.

அக்டோபரில் அவர்கள் இருவரும் முன்பக்கத்துப் பெண்கள் பெட்டிக்கு மாறினார்கள். எழும்பூரில் அவளுக்குப் படி பக்கம் என்று காரணம் சொன்னார்கள். நான் பழைய பெட்டியிலேயே போனேன். பூக்காரம்மாதான் சொன்னார்.

"டீச்சரம்மா, உன் கூட்டாளிங்க ரெண்டும் முன்னாடி பொட்டில அதே மலையாளத்துல பேசி சிரிச்சிகினு வருதுங்க. நீ இன்னா இங்க தனியா குந்திகினு கீறே?"

மறுநாள் நான் முன்பெட்டியை ஒட்டிய பொதுப் பெட்டியில் ஏறினேன். இரண்டுக்கும் நடுவில் கம்பித் தடுப்புதான். ஆண்கள் கூட்டத்தில் தடுப்புக்கு முதுகு கொடுத்து நின்றேன். மலைப் பேச்சு கேட்டது. என் சிநேகிதி பேசினாள், கை ஜாடை இல்லாமல், நிறுத்தாமல். மூன்று வருடம் என்னோடு பேசியபோது அவளுக்கு அது வந்ததில்லை. விகுதி இன்னும் தப்புத்தான். அந்தப் பெண் திருத்தவில்லை. ம-வும் ப-வும் உள்ளே வந்திருந்தன. மலை ஜனங்கள் துணியை அவிழ்த்துவிட்டார்கள் போல. எனக்குத் தெரியாத சொற்கள் வந்தன. மூன்று நான்கு சொல்லுக்கு ஒன்று புரியவில்லை. புரியாத இடத்தில்தான் அவர்கள் அதிகம் சிரித்தார்கள். நான் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து அந்தச் சொற்களைக் குறித்துக்கொண்டேன். மறுநாளும் போனேன். அந்த மாதம் முழுக்கப் போனேன். நோட்டில் நூற்று முப்பதாம் பக்கத்திலிருந்து இருப்பது அந்தச் சொற்கள். ஓரத்தில் கையெழுத்து இல்லை. எங்கள் சொற்களைவிட நன்றாக இருக்கின்றன, சுலபமாக இருக்கின்றன, வாயில் நிற்கின்றன.

பிப்ரவரியில் ஆறு மாதம் முடிந்தது. நான் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தேன். புது வினாத்தாள் தயாரிக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் நாட்குறிப்பைப் புரட்டியபோது அந்தப் பதினொரு தப்புகளின் பட்டியல் கண்ணில் பட்டிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் தனிச் சொற்கள். தமிழில் சொன்னால் 'தேடிய'. 'எண்ணிய'. 'பெயர் வைத்திருக்கிறாள்'. 'ஙா'. எந்த வாக்கியத்தில் வந்தவை என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை. இரண்டு பக்கம் திருத்தியிருக்கிறேன். அவள் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தப்பு எங்கே என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தேதியன்று முன்பெட்டியில் ஏறினேன். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அதே மூச்சில் தமிழுக்கு மாறினார்கள், விருந்தாளி வந்தால் மாறுவது மாதிரி. "வாடி, எவ்வளவு நாளாச்சு" என்று என் சிநேகிதி நகர்ந்து இடம் கொடுத்தாள். மூன்றாமவள் டிபன் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எக்ஸாம் பற்றி யாரும் பேசவில்லை. பல்லாவரம் வரை என் சிநேகிதிக்கு நிச்சயமாகியிருந்த வரனைப் பற்றிப் பேசினோம். கோயம்புத்தூர்ப் பக்கம், மே மாதம் கல்யாணம்.

"அந்தக் கட்டுரை இருக்கா?" என்று கேட்டேன்.

"எந்தக் கட்டுரை?"

"எக்ஸாம்ல எழுதினியே. ஒரு தரம் குடு. படிக்கணும்."

அவள் கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டாள். "அது போயிடுச்சுடி. பூக்காரம்மா ஒரு நாள் பூ மடிக்கப் பேப்பர் கேட்டாங்க. பையில அதுதான் இருந்துது."

"என்ன எழுதியிருந்தே?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு." ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டினாள். "ஏதோ உன்னப் பத்தித்தான்."

மூன்றாமவள் முன்னால் சாய்ந்தாள். முகத்தில் நல்லெண்ணத்தைத் தவிர ஒன்றும் இல்லை. "நான் படிச்சேன்கா. அன்னிக்கே பெரியக்கா காட்டினாங்க. எனக்கு வரிக்கு வரி ஞாபகம் கீது. சொல்லட்டுமா?"

சொல்லியிருப்பாள். ஒரு எழுத்து மாறாமல், அந்தப் பதினொரு தப்போடு சொல்லியிருப்பாள். அவள் காது அப்படி. என் சிநேகிதி வேண்டாமென்று சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றேன்.

"ஏன்கா? நல்லாத்தான் இருந்துது."

"வேணாம்மா. விடு."

கிண்டியில் கூட்டம் ஏறியது. ஒரு கைக்குழந்தைக்காரிக்கு நான் எழுந்து இடம் கொடுத்தேன், எழும்பூர் வரை நின்றுகொண்டே போனேன்.

தொண்ணூறுகளில் மூன்றாமவள் கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக்கொண்டு போனாள். அங்கே என் அக்கா வீடும் இருப்பதால் மார்க்கெட்டில் எப்போதாவது பார்ப்பேன். கையில் பையன், கூடையில் கீரை. பெரியக்காவிடமிருந்து பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வந்ததாகச் சொல்வாள். எனக்கு வந்ததில்லை. "அக்கா, எப்படி இருக்கீங்க, வூட்டுக்கு ஒரு தரம் வாங்க" என்பாள். வருகிறேன் என்று சொல்வேன். அவள் திரும்பி நடக்கும்போது ஒவ்வொரு தடவையும் கூப்பிட நினைப்பேன். எனக்காக எழுதப்பட்ட இரண்டு பக்கம் அவள் தலைக்குள் இருக்கிறது. ஒரு கேள்வி கேட்டால் போதும். இன்று வரை கேட்கவில்லை. அவள் வாயால் அதைக் கேட்க என்னால் முடியாது.